கூட விழுந்த ஓர் ஐந்து

எண்டர் விசையைத் தட்டுவதற்கு முன்னால் தண்டோரா இடது கை ஆள்காட்டி விரலைத் திரையின் மேல் வைப்பார். அங்கே தெரியும் முகவரியின் கடைசி எண்ணுக்கு அடியில் நகம் பட அழுத்தி, இலக்கம் இலக்கமாக நகர்த்தி, உதட்டுக்குள் படிப்பார். படித்து முடித்ததும் விரலை எடுக்கமாட்டார். முதலிலிருந்து இன்னொரு முறை படிப்பார். அதற்கப்புறம்தான் வலது கை எண்டரிடம் போகும். அந்த விரல் தேய்த்துத் தேய்த்து அவருடைய திரையின் கீழ் ஓரத்தில் மங்கலாக ஒரு கோடே விழுந்திருக்கிறது. அறையைத் துடைக்க வந்த அம்மாள் ஒருநாள், "இது அழுக்கா, கீறலா?" என்று கேட்டாள். "அது பழக்கம்மா, துடைச்சாப் போகாது" என்றார்.

ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மாடிப்படிக்குக் கீழே, தலை இடிக்காமல் எழுந்திருக்கப் பழக வேண்டிய ஓர் அறை அவருடையது. வேலைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் மாதத்துக்கு ஒருமுறையாவது இடித்துக்கொள்வார். ஆலையில் ஒவ்வொரு தையல் லைனின் முனையிலும், இஸ்திரிப் பகுதியிலும், பேக்கிங்கிலும், வெட்டும் கூடத்திலும் ஒரு திரை உண்டு. "மூணாவது லைனுக்கு நீல நூல் வந்தாச்சு", "லிஃப்ட் ரிப்பேர், படியில வாங்க", "நாளைக்குத் தண்ணி வராது, பாட்டில் கொண்டாங்க" என்று எந்தச் சேதியானாலும் படிக்கட்டுக்குக் கீழேயிருந்துதான் வரும். அவர் ஒரு தட்டு தட்டினால் அத்தனை திரையும் ஒன்றாக மணியடித்து அதைக் காட்டும். பேக்கிங் பெண்கள் வைத்த பெயர்தான் தண்டோரா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள், இப்போது முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார். கையில் தமுக்கு ஒன்றுதான் குறைச்சல் என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்தச் சேதி அனுப்பும் புரோகிராமைச் சி மொழியில் அவரேதான் எழுதினார். புதுப்புது மென்பொருள் விற்க வருகிற இளைஞர்கள் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். "இன்னுமா சார் இதை ஓட்டறீங்க?" என்பார்கள். "இது சோறு கேக்காது, தண்ணி கேக்காது, வருஷா வருஷம் லைசென்ஸும் கேக்காது" என்று சொல்லி அவர்களை டீ குடிக்கவைத்து அனுப்பிவிடுவார். எழுதும்போது பட்ட பாட்டை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். அதில் ஒரு பாட்டை நாம் பிறகு பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் இரண்டும் ஆளுக்கொரு வாசல் திறந்துவைக்க வேண்டும். சாக்கெட் என்று அதற்குப் பெயர். எதிரில் இருப்பவன் கேட்டானா, தலையாட்டினானா என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிற முறை ஒன்று உண்டு. தண்டோராவின் முறை அதல்ல. அவருடைய வாசல் சொல்லும், பதிலுக்குக் காத்திருக்காது. "மொட்டை மாடில நின்னு கத்தற மாதிரிங்க. காது இருக்கறவங்க கேட்டுப்பாங்க. கீழ யாரு நின்னாங்க, யாரு தூங்கினாங்கன்னு மாடிக்கு எப்படித் தெரியும்?" என்பார். அதனால், "மெசேஜ் போய்ச் சேந்துச்சா?" என்று யாராவது கேட்டால் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "அனுப்பியாச்சு." சேர்ந்ததா என்று மறுபடி கேட்டால், "அனுப்பியாச்சுன்னு சொல்றேன்ல" என்பார். கோர்ட்டில் கூண்டேறிய சாட்சிகூட அவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசமாட்டான்.

வீட்டிலும் இந்தச் சுபாவம்தான். செருப்பைக் கழற்றும்போதே, "ஒரு டீ இருந்தா நல்லாருக்கும்" என்று கூடத்தைப் பார்த்துச் சொல்வார். வீட்டில் இருப்பதோ மனைவி ஒருத்திதான்.

"யாருக்குச் சொன்னீங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"அப்போ பொதுவா யாராவது வந்து போட்டுக் குடுப்பாங்க, குடிங்க."

எதிரில் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, "எனக்கு ஒரு டீ குடேன்" என்று சொன்னால்தான் அடுப்பு பற்றும். அந்த அம்மாளைக் குறை சொல்வதற்கில்லை. கல்யாணமான புதிதில் 'உன்னைப் பிடித்திருக்கிறது' என்பதைக்கூட அவர் மாமனார் வீட்டார் அத்தனை பேரையும் உட்காரவைத்து, "உங்க குடும்பத்தை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றுதான் சொன்னாராம். ஊருக்கு முன்னால் கூசாத நாக்கு, ஒருத்தர் முன்னால் மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படியும் சிலர் இருக்கிறார்கள், என்ன செய்வது.

அந்த நாக்கு ஒட்டாமல் பேசிய ஒரே மனிதர் வெட்டும் கூடத்து மாஸ்டர். தண்டோராவைவிடப் பத்து வயது மூத்தவர். நூறு சட்டைக்கான துணியை ஒன்றன்மேல் ஒன்றாக மேஜையில் விரித்து, மேலே போட்ட கோட்டின் மீது மின்கத்தியை ஓட்டுகிற வேலை அவருக்கு. கத்தி நூலளவு விலகினால் நூறு சட்டையும் விலகும். துணியை அமுக்கிப் பிடிக்கும் இடது கையில் இரும்பு வலைப் பின்னலில் செய்த கையுறை போட்டிருப்பார். சாப்பாட்டு வேளையில் அதைக் கழற்றி மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, அதே மேஜையில் இருவரும் டப்பாவைத் திறப்பார்கள். "ஊருக்கெல்லாம் சேதி சொல்றே. உன் டப்பாவுல என்ன இருக்குன்னு உனக்கே தெரியாது, தம்பி" என்று மாஸ்டர் சிரிப்பார். உண்மைதான். தண்டோரா உள்ளே என்ன என்று பார்க்காமலே பாதியை அவர் பக்கம் தள்ளுவார்.

மாஸ்டரின் கண்ணாடித் தடுப்புக்குள் அவர் மட்டும் பார்க்கும்படி ஒரு சின்னத் திரை இருந்தது. ஆலைக் கணினிகளின் முகவரியெல்லாம் ஒரே மாதிரி தொடங்கும், கடைசி எண்தான் ஆளுக்கு ஆள் மாறும். மாஸ்டருடையது இருபத்தைந்து. மற்றதைப் புரோகிராமே போட்டுக்கொள்ளும் என்பதால் தண்டோரா அந்தக் கடைசி எண்ணை மட்டும் தட்டினால் போதும். தினமும் மதியம் இருபத்தைந்துக்கு ஒரு சேதி போகும்: "சாப்பிட வரட்டுமா மாஸ்டர்?" பதில் அனுப்ப அங்கே விசைப்பலகை கிடையாது. பதில் தேவையாகவும் இருக்கவில்லை.

ஒருநாள் மேஜையில் மாஸ்டர் தன் டப்பாவின் மூடியைக் கையால் தடவித் தேடினார். மூடி அவருக்கு எதிரிலேயே இருந்தது. தண்டோரா பார்த்துவிட்டார்.

"கோடு ரெண்டாத் தெரியுது தம்பி" என்றார் மாஸ்டர், தலையை நிமிர்த்தாமல்.

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா. எது நிஜக் கோடுன்னு விரலால தடவிப் பாத்துட்டு வெட்டறேன். கையில இருக்கற ஆர்டரை முடிச்சிட்டு நானே மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். அதுவரைக்கும் உன்னோட இருக்கட்டும்."

தண்டோராவோடுதான் இருந்தது. ஊரெல்லாம் பறையறைகிற மனிதரிடம் ரகசியம் தங்குமா என்று நினைக்கலாம். தங்கியது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மாஸ்டருக்காக அவர் செய்த ஒரே காரியம், எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பும் வசதியைப் புரோகிராமில் சேர்த்தது. அதன் பிறகு, "சாப்பிட வரட்டுமா மாஸ்டர்?" என்பது திரையை அடைத்துக்கொண்டு கொட்டை எழுத்தில் போயிற்று.

பிறகு ஒருநாள் காலையில் மாஸ்டர் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு நேரே வேலைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் தண்டோராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியம் வரை பொறுக்க முடியாமல் தட்டினார்.

"மாஸ்டர், டாக்டர் என்ன சொன்னாரு? இன்னும் கோடு ரெண்டாத் தெரிஞ்சா இன்னிக்குக் கத்தியைத் தொடாதீங்க. மேனேஜர்கிட்ட நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். முகவரியில் இரண்டு, ஐந்து என்று தட்டினார். ஐந்து ஒன்று கூடுதலாக விழுந்தது. விசை ஒட்டிக்கொண்டதா, பதற்றத்தில் விரல் இருமுறை பட்டதா, அவருக்கே தெரியாது. இருபத்தைந்து என்பது இருநூற்றைம்பத்தைந்து ஆயிற்று. அந்த எண் யாருடைய முகவரியும் அல்ல. அந்த வலையில் இருக்கிற எல்லாருக்கும் பொதுவான முகவரி. வேறு எந்த எண் தவறி விழுந்திருந்தாலும் சேதி இல்லாத ஆளைத் தேடி அலைந்து காற்றோடு போயிருக்கும், அல்லது இஸ்திரிக்காரர் ஒருவர் படித்துத் தலையைச் சொறிந்திருப்பார். போயும் போயும் அந்த ஐந்துதான் விழ வேண்டுமா.

இந்த இடத்தில்தான் அந்தப் பழைய பாட்டைச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் சேதி அனுப்புவதற்கு ஒரு காவல் உண்டு. ஒருவருக்கு அனுப்ப யார் தயவும் வேண்டாம். எல்லாருக்கும் சேர்த்து அனுப்புவதென்றால், 'பொதுவில் பேசப்போகிறேன், அனுமதி கொடு' என்று அந்தச் சாக்கெட்டிடம் முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் அனுப்பினால் 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அறைந்தாற்போல் பதில் வரும். முதன்முதலில் எழுதியபோது இது தெரியாமல் தண்டோரா ஒரு பகல் முழுக்கக் கேபிளைப் பிடுங்கிச் சொருகி, கணினியை அணைத்து ஏற்றி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். காரணம் புரிந்ததும் வந்த கடுப்பில் அந்த அனுமதி வரியைப் புரோகிராமின் தலையிலேயே வைத்துவிட்டார். ஒருவருக்கோ ஊருக்கோ, எந்தச் சேதியானாலும் அனுமதி முதலிலேயே வாங்கியாகிவிடும். தொல்லை விட்டது என்று நினைத்தார். பொதுச் சேதி என்று தனியாகச் சொன்னால் மட்டும் அனுமதி கேட்கிறமாதிரி எழுதியிருந்தால், அன்றைக்கு அந்த ஐந்து வாசலிலேயே மறிக்கப்பட்டிருக்கும். திருடனுக்குப் பயந்து போட்ட தாழ்ப்பாளைச் சத்தம் போடுகிறது என்று கழற்றிப் போட்டவர் அவரேதான்.

எண்டரைத் தட்டியதும் தலைக்கு மேலே மணியடித்தது. வெட்டும் கூடத்து மணி அவ்வளவு தூரம் கேட்காது. இது படிக்கட்டுக்கு மேலே முதல் லைனில் அடித்தது, அதற்கு அப்பால் இரண்டாவதில், அதற்கும் மேலே மாடியில். தையல் இயந்திரங்களின் சத்தம் ஒவ்வொரு வரிசையாக நின்றது. அவர் பதறிப்போய் ஒரு வெற்றுச் சேதியை அதன்மேல் அனுப்பி அழித்தார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. மாஸ்டருடைய கண்ணுக்காகப் பெரிதாக்கிய எழுத்து, கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தவர்களுக்கும் கண்ணாடி போடாமலே தெரிந்திருந்தது.

மேனேஜர் கெட்டவர் அல்ல. மாஸ்டரைக் கூப்பிட்டு, "நிஜமா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் மாஸ்டர். "கத்தி விஷயம். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்றார் மேனேஜர். அன்று மாலையே அவரைக் காம்பவுண்டின் மறுகோடியில், வாசலையொட்டி இருந்த ஸ்டோர் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பொத்தானையும் ஜிப்பையும் தடவிப் பார்த்து வகை பிரிக்கிற வேலை. போகும்போது இரும்புக் கையுறையை மேஜையில் வைத்துவிட்டு, கூடத்து வாசலில் நின்ற தண்டோராவிடம் மாஸ்டர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே தம்பி."

கை தவறி விழுந்தது மாஸ்டர், மன்னிச்சிடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தண்டோராவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏதாவது வரும் என்று மாஸ்டர் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு படியைக் காலால் தேடி இறங்கிப் போனார்.

ஆலையில் இது வேடிக்கையாகிவிட்டது. கொஞ்சம் சீக்கிரம் நழுவுகிறவன் பக்கத்துத் தையல்காரனிடம், "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்பான். நடைவழியெல்லாம் சிரிக்கும். காதில் விழுந்த ஒவ்வொரு முறையும் தண்டோரா, சட்டைப் பையில் எதையோ தொலைத்தவர் மாதிரி துழாவிக்கொண்டே கடந்துபோவார். பேக்கிங் பெண்களில் மூத்தவள் ஆறுதல் சொல்ல வந்தாள். "நல்லதுக்குத்தான் நடந்திருக்கு. இல்லேன்னா என்னிக்காவது விரல் போயிருக்கும்."

"விரல் அவரோடதும்மா" என்றார் தண்டோரா. "அதை அவரு வாயால சொல்லிட்டுப் போயிருக்கணும். பெரிய மனுஷன் மாதிரி நடந்து போய்ச் சொல்லியிருப்பாரு. நான் திருடனைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி பண்ணிட்டேன்."

நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தார். நாளை என்பது நாளை மறுநாள் ஆயிற்று. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். சூட்டோடு சொல்லாத மன்னிப்பும் அப்படித்தான். ஒரு வாரம் போனபின் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது, ஒரு மாதம் போனபின் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. மதியத்தில் தன் அறையிலேயே, படிக்கட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி சாப்பிடப் பழகிக்கொண்டார். விரலை வைத்து எண்ணைப் படிக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அது அவருக்கு மட்டுமே தெரியும். ஸ்டோர் கட்டடத்துக் கணினிகள் தனி வலை. நடுவில் ரூட்டர் என்று ஒரு பெட்டி காவல் இருக்கிறது. பெயர் போட்டு வந்த சேதியை அது வாங்கி மறுபக்கம் கொடுக்கும். ஊருக்குப் பொதுவாகப் போட்ட சத்தத்தைத் தாண்டவிடாது. ஆகவே தண்டோராவின் எந்தச் சேதியும் ஸ்டோர் திரைக்குப் போனதே இல்லை. நூல் வந்தது, தண்ணீர் வராது, லிஃப்ட் நின்றது, எதுவும் போகவில்லை. ஸ்டோர் முகவரியைப் போட்டு இன்னொரு பிரதி அனுப்பச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் போதும், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அவர் சேர்க்கவில்லை. தன்னிடமிருந்து ஒரு மணிச்சத்தம் அந்த மனிதரின் காதில் விழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தார். நினைத்தது மரியாதையா பயமா என்று கேட்டால் மரியாதை என்பார். பயம்தான்.

ஒரே ஒருமுறை, கேபிள் பழுதென்று ஸ்டோருக்குப் போக வேண்டியிருந்தது. மாஸ்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தார். காலடி கேட்டதும், "யாரது?" என்றார்.

தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. தண்டோராவின் வாயிலிருந்து வந்தது, "சிஸ்டம்லேருந்து."

மாஸ்டரின் விரல்கள் ஒரு கணம் நின்றன. "சரி, பாருங்க" என்றார்.

பாருங்க. அத்தனை வருஷம் "வா, உக்காரு, சாப்பிடு" என்ற வாயிலிருந்து 'பாருங்க'. குரல் அடையாளம் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று தண்டோரா இன்றைக்கும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். கேபிளைச் சரிசெய்துவிட்டு, வந்ததைவிட மெதுவாக நடந்து வெளியே வந்தார்.

மாஸ்டரின் கடைசி வேலை நாள் வந்தது. பார்வை இப்போது வெளிச்சம், நிழல் என்ற அளவுக்கு வந்துவிட்டிருந்தது. வேறு ஊரில் இருக்கும் மகள் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தாள். மதியம் கிளம்பும் ஆலை வேனில் ரயிலடிக்குப் போய்விட்டால், பிறகு இந்தப் பக்கம் வரப்போவதில்லை. காலையில் மனைவி இரண்டு டப்பாக்களைத் தண்டோராவின் கையில் கொடுத்தாள்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு அவருக்கு. இன்னிக்காவது சொல்லிட்டு வாங்க."

"பாக்கலாம்."

"பாக்க வேண்டாம். சொல்லுங்க. அவருகிட்ட, அவரு மூஞ்சியப் பாத்து."

பதினொரு மணி வாக்கில், ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி அம்மாள் ஒரு சேதியைத் தயார்செய்து அனுப்பினாள். நெடுநாள் உழைப்பு, ஆலைக் குடும்பம், அமைதியான ஓய்வு என்று எல்லாம் அதில் இருந்தன. தண்டோரா இருநூற்றைம்பத்தைந்தை விரல் வைத்து இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பினார். மாடியில் மணிகள் அடித்தன. கைதட்டல் வரிசை வரிசையாகப் பரவி, படிக்கட்டு வழியாக அவர் அறைக்குள் இறங்கியது. யாருக்காகத் தட்டினார்களோ அவருடைய கட்டடத்தில் மட்டும் மணி அடிக்கவில்லை.

அது அவரைச் சுட்டது. சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது புரோகிராமைத் திறந்தார். தலையில் இருந்த அனுமதி வரியை அழித்தார். இனி இது ஒருவரிடம் மட்டும்தான் பேசும், எத்தனை ஐந்து விழுந்தாலும். ஸ்டோர் கணினியின் முழு முகவரியைப் போட்டார். பெரிய எழுத்து. "மாஸ்டர், அன்னிக்கு ஒரு அஞ்சு கூட விழுந்திடுச்சு. மன்னிச்சிடுங்க." விரலை வைத்து முகவரியைப் படித்தார். மறுபடி படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. வலது கை எண்டரின் மேலே போய் நின்றது.

நின்றது நின்றபடி இருந்தது. மாஸ்டருக்குத்தான் இப்போது எந்த எழுத்தும் தெரியாதே. மணியடித்ததும், "என்ன வந்திருக்கு, படிங்க" என்பார். ஸ்டோரில் இருக்கிற யாராவது உரக்கப் படிப்பார்கள். நாலு பேர் நிமிர்ந்து கேட்பார்கள். மறுபடியும் ஊரே கேட்கும். எந்த முகவரி போட்டாலும் இந்தச் சேதியை அந்த ஒரு மனிதருக்கு மட்டும் சேர்க்க அவர் எழுதிய புரோகிராமின் இருநூறு வரிகளால் முடியாது. தண்டோரா கையை எடுத்தார். டப்பா இரண்டையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். தலை படிக்கட்டில் இடித்தது. தடவக்கூட நிற்கவில்லை.

முதல் லைன் மேஸ்திரி வழிமறித்தார். "மெசேஜ் அருமைண்ணே. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு." எழுதியது நானில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பேக்கிங் வாசலில் பெண்கள் கூடி நின்று, தங்கள் திரையில் எழுத்து எவ்வளவு அழகாக வந்தது என்றார்கள். மேனேஜர் எதிரில் வந்து, தோளில் கைபோட்டு, "ரொம்ப நல்லாப் பண்ணீங்க. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்து, வேறு ஒரு திரை மங்கலாகத் தெரிவதைப் பற்றிப் பேசி முடித்தார். எல்லாரும் நல்ல மனசோடுதான் பேசினார்கள். எல்லாரிடமும் அவர் தலையாட்டினார். விட்டுவிட்டு ஓட அவருக்குத் தெரியவில்லை. ஸ்டோருக்குள் நுழைந்தபோது, பொத்தான் தட்டு மேஜைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இப்பத்தான் வேனுக்குப் போனாரு" என்றார்கள். "உங்களைக் கேட்டாரு."

"என்னன்னு?"

"தம்பி இன்னிக்கு வேலைக்கு வந்திருக்கானான்னு கேட்டாரு. வந்திருக்காருன்னோம். சரின்னாரு."

வாசலுக்கு ஓடினார். வேன் பின்னால் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் மாஸ்டர். முகம் இவர் பக்கம்தான் இருந்தது, பார்வைதான் இவரிடம் வந்து சேரவில்லை. "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். இஞ்சின் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை. ஒரு டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கி ஆட்டினார். டிரைவர் ஆட்டினான். பின் இருக்கையில் இருந்தவர்கள் ஆட்டினார்கள். வேனில் இருந்த எல்லாரும் சிரித்த முகத்தோடு பதிலுக்குக் கையாட்டினார்கள், மாஸ்டரைத் தவிர.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆலைப் பெண் ஒருத்தி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். மாஸ்டர் தலையசைத்தார். பிறகு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இவர் நின்ற பக்கம் என்றில்லாமல், ஆலை இருந்த திசை முழுமைக்கும் பொதுவாக, மெதுவாக ஆட்டினார். வேன் தெருவில் இறங்கித் திரும்பும் வரை அந்தக் கை உள்ளே போகவில்லை.

சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். காம்பவுண்டு காலியாகக் கிடந்தது. தண்டோரா தூக்கிய கையை இறக்காமலே, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.